என் கழுத்தும் அம்மாவின் சாட்சியும்

என் கழுத்திலிருந்த கட்டி கரைந்துவிட்டது என்று அம்மா ஊரறியச் சொன்னதை நான் சர்ச்சில் உட்கார்ந்துதான் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத் தமிழ் ஆராதனை. இந்திக்காரர்கள் மதியத்தோடு முடித்துக்கொண்டு போன பிறகுதான் கட்டடம் எங்களுக்குக் கிடைக்கும். பாஸ்டர் வழக்கம்போல, "சாட்சி சொல்ல விரும்புறவங்க முன்னால வரலாம்" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அம்மா சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு மைக்கை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.

"என் மகளுக்குக் கழுத்துல ஒரு கட்டி. டாக்டர்மாரு அறுத்தே ஆகணும்னுட்டாவ. நான் ஒரு நர்ஸ், அது என்ன கட்டின்னு எனக்குத் தெரியாதா? முழங்கால்ல நின்னேன். இன்னைக்குக் காலைல தொட்டுப் பாக்கேன், கட்டி இல்ல. இருந்த எடம் தெரியல."

சர்ச் முழுக்க "ஸ்தோத்திரம்" என்றது. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். முன்வரிசையிலிருந்த ஒரு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்து அழுத்தினார். நான் சிரித்தேன். தலையை வேறு ஆட்டினேன். துப்பட்டாவுக்கு அடியில், கழுத்தின் வலது பக்கம், அந்தக் கட்டி இருந்தது. இருந்தது என்றுதான் நினைத்தேன். அம்மா பொய் சொல்கிறாள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒருவேளை போய்விட்டதோ என்றுதான் தோன்றியது. எனக்குப் பயம் பிடித்தது அந்த இடத்தில்தான்.

சாட்சி என்பது எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. வேலை கிடைத்தால், சுகம் கிடைத்தால், பிள்ளை பிறந்தால், சபைக்கு முன்னால் நின்று நாலு வார்த்தை சொல்லி நன்றி செலுத்துவோம். பெரும்பாலானவர்கள் கூச்சத்தோடு வந்து, கையில் கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டு, இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டு ஓடிவிடுவார்கள். என் அம்மா அப்படி இல்லை. அவள் சொல்ல ஆரம்பித்தால் மின்விசிறிச் சத்தம்கூட அடங்கிவிட்டது போலிருக்கும். டெல்லிக்கு வந்த எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் அவள் சாட்சியைக் கேட்டு அழுதிருக்கின்றன. அந்தச் சாட்சிகளில் பாதிக்கு மேல் நான்தான் கதாநாயகி. கதாநாயகி என்பதும் சரியில்லை. அற்புதம் நடப்பதற்கு ஒரு உடம்பு வேண்டுமில்லையா, அந்த உடம்பு நான்.

நான் நாலு வயதில் ஒரு தடவை செத்திருக்கிறேன். அப்போது ஆர்.கே.புரத்தில் அப்பாவின் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். எனக்கு விஷக்காய்ச்சல். அம்மா கட்டிலருகே உட்கார்ந்திருக்கிறாள். விடியப்போகிற நேரத்தில் என் நாடி நின்றுவிடுகிறது. கை கால் சில்லிட்டுவிடுகிறது. அம்மா என்னை மடியில் போட்டுக்கொண்டு, "ஆண்டவரே, எடுக்கணும்னா என்ன எடும்" என்று கதறுகிறாள். நான் கண்ணைத் திறந்து, "அம்மா, பசிக்கும்மா" என்கிறேன். இந்த இடத்தில் சபையில் அழாதவர்கள் கிடையாது. ஆரம்பத்தில் ஒரு நிமிஷம்தான் செத்திருந்தேன். வருஷம் ஆக ஆக அந்த நேரம் நீண்டுகொண்டே போனது. நான் பத்தாம் வகுப்பு வருவதற்குள் பிணவறையிலிருந்து தள்ளுவண்டியே வந்துவிட்டது.

இதைக் கேலியாக எழுத இப்போது முடிகிறது. சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஆராதனை முடிந்ததும் பெரியவர்கள் வந்து என் தலையில் கை வைப்பார்கள், ஒரு பொருளைத் தொட்டுப் பார்ப்பது போல. நான் அசையாமல் நிற்பேன். என் உயிர் அம்மா கொடுத்தது என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் உள்ளதுதான். என் விஷயத்தில் அவள் அதை இரண்டு தடவை கொடுத்திருந்தாள். கணக்குப் பாடத்தில் மார்க் குறைந்தால், "ஏட்டி, இதுக்கா உன்ன நான் திரும்பக் கேட்டு வாங்குனேன்?" என்பாள். கேட்டு வாங்கியவள் திருப்பிக் கொடுத்துவிடவும் கூடுமல்லவா? அந்த நினைப்போடுதான் நான் தூங்கப் போவேன்.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அம்மா கேட்கிற முதல் கேள்வி, "நல்லா சொன்னேனா?" அடுத்தது, "எல்லாரும் அழுதாவளா?" ஆமாம் என்று சொன்னால் போதாது. யார் யார் அழுதார்கள், எந்த இடத்தில் அழுதார்கள் என்று சொல்ல வேண்டும். நான் சரியாகச் சொல்லாத அன்று அவள் திட்ட மாட்டாள், அடிக்க மாட்டாள். சமையலறை விளக்கைப் போடாமல் ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவாள். நான் போய் முன்னால் நின்றால் என்னைப் பார்ப்பாள், ஆனால் சுவரைப் பார்ப்பது போலப் பார்ப்பாள். அப்படிச் சில நாள் போகும். அந்த நாட்களில் நான் குளியலறைக் கண்ணாடி முன்னால் போய் நின்று, இருக்கிறேனா என்று பார்த்துக்கொண்டதுண்டு.

"உனக்கு மஞ்ச கலர் புடிக்காதுலா" என்று அவள் கடையில் சொல்வாள். நான் கையில் எடுத்த மஞ்சள் ஃப்ராக்கைத் திரும்ப வைத்துவிடுவேன். "உனக்குப் பசிக்கல, சும்மா வாய் தேடுது" என்பாள். பசி நின்றுவிடும், சத்தியமாக நின்றுவிடும். கல்லூரி நாட்களில் ஒரு தடவை முனிர்காவில் சிநேகிதியின் அறைக்குப் போயிருந்தேன். "உனக்கு டீயா காபியா?" என்று அவள் சாதாரணமாகக் கேட்டாள். அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. கடைசியில் "எதுன்னாலும்" என்றேன். இன்றைக்கும் அந்தக் கேள்விக்கு என் பதில் அதுதான்.

நான் வேலை பார்க்கும் பள்ளியில் பிள்ளைகளுக்கென்று ஒரு கவுன்சலர் உண்டு. ஒருநாள் பேச்சுவாக்கில் வீட்டு விஷயத்தைக் கொஞ்சம் சொன்னேன். "இதுக்கு நார்சிஸம்னு பேரு" என்றார். தன்மேல் தானே மயங்கிக் கிடப்பது என்று விளக்கமும் சொன்னார். எனக்கு அது முழுதாக ஒட்டவில்லை. சின்ன வயதில் ஒரு மதியம் அம்மா டிரெஸ்ஸிங் டேபிள் முன்னால் நின்று சாட்சியை ஒத்திகை பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். அழ வேண்டிய இடத்தில் கண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள், அதே இடத்தில் மறுபடியும் வந்தது. அதற்குப் பிறகு அவள் நிறுத்தி, கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தில் மயக்கம் எதுவும் இல்லை. ஆளே இல்லை. கேட்பதற்கு யாராவது இருந்தால்தான் அவளுக்குள் அவள் வருகிறாள் என்று அன்றைக்குப் புரிந்தது. நான் சத்தம் போடாமல் நகர்ந்துவிட்டேன். கோபத்தைவிட எனக்குப் பயம்தான் அதிகமாக இருந்தது. இப்படிப்பட்டவள் கையில்தான் நான் வளர்கிறேன் என்கிற பயம்.

கட்டியை முதலில் பார்த்தது ஸ்டாஃப் ரூமில் எதிரே உட்கார்ந்திருந்த ஒரு டீச்சர். நான் பாட்டிலைத் தூக்கித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். "உங்க கழுத்துல ஏதோ ஏறி எறங்குதே" என்றார். அம்மாவிடம் சொன்னதற்கு, "பொல்யூஷன்லா, தொண்டை வீங்கியிருக்கும், உப்புத் தண்ணில கொப்பளி" என்றாள். எப்படியோ தைரியம் வந்து, அவளில்லாமல் தனியாக ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே ஒரு பெண் டாக்டர். என் ஆள்காட்டி விரலைத் தானே பிடித்து, என் கழுத்தில் வைத்து, எச்சிலை விழுங்குங்கள் என்று இந்தியில் சொன்னார். விழுங்கினேன். விரலுக்கு அடியில் கொட்டைப்பாக்கு அளவில் ஒன்று ஏறி இறங்கியது. என் சொல்லைக் கேட்டு நடக்கிற ஒரு பொருள் என்னிடம் இருக்கிறது என்று ஒரு பைத்தியக்காரச் சந்தோஷம் வந்தது, பிறகுதான் பயம் வந்தது.

ஊசி போட்டு எடுத்துச் சோதித்ததில் சந்தேகமாக இருக்கிறது, தள்ளிப்போடக் கூடாது, தைராய்டில் பாதியை எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். தீபாவளி லீவு முடிந்த வாரத்தில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள்.

வீட்டில் சொன்னேன். "எனக்கு ஏன் இப்படியெல்லாம் நடக்கு" என்று அம்மா கட்டிலில் படுத்துவிட்டாள். பிரஷர் ஏறிவிட்டது. அன்றைக்கு நான் அவளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்து, காலைப் பிடித்துவிட்டேன். மறுநாள் எழுந்தபோது அவள் வேறு ஆளாக இருந்தாள். முகத்தில் ஒரு களை. ஜெபித்த எண்ணெய்க் குப்பியைக் கையில் வைத்திருந்தாள். எனக்கு அந்தக் களையைத் தெரியும். சாட்சி தயாராகிறது.

தினமும் காலையில் டீ குடித்ததும் அவள் முன்னால் நான் ஸ்டூலில் உட்கார வேண்டும். எண்ணெய் தடவிவிட்டு, இரண்டு விரலால் அழுத்திப் பார்ப்பாள். நாற்பது வருஷம் நோயாளிகளைத் தொட்ட விரல்கள், ஐஸ் போலிருக்கும். "குறஞ்சிருக்கு" என்றாள். "இன்னும் குறஞ்சிருக்கு" என்றாள். ஒரு காலையில், "போயிட்டு. ஏட்டி, போயிட்டு, தொட்டுப் பாரு" என்றாள்.

"எனக்கு இருக்கிற மாதிரிதாம்மா இருக்கு."

"நீ நர்ஸா, நான் நர்ஸா? அது தசைதான், ஏட்டி. விசுவாசம் இல்லாம தொட்டா எல்லாம் கட்டி மாதிரிதான் தெரியும்."

குளியலறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டு விரலை வைத்து விழுங்கினேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. இடத்தை மாற்றி வைத்தேன். டாக்டர் எந்த இடத்தில் வைத்தார் என்பதே மறந்துபோனது. கழுத்து சிவக்கச் சிவக்க அழுத்தினேன். அதற்குப் பிறகு ஒருநாள் அகப்படும், ஒருநாள் அகப்படாது. அகப்படாத நாளில் நிம்மதி வர வேண்டும்தானே? வரவில்லை, கிலிதான் வந்தது. சொந்தக் கழுத்தில் இருப்பதைத் தொட்டும் தெரியாத கை என் கைதானா என்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முப்பத்தெட்டு வயது. ஒரு வகுப்புப் பிள்ளைகளை ஒரே பார்வையில் உட்கார வைக்கிற டீச்சர். என் கழுத்தில் கட்டி இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த வாரம்தான் அவள் சர்ச்சில் சாட்சி சொன்னது. அதற்குப் பிறகு வீட்டில் போன் ஓயவில்லை. ஊரிலிருந்து சித்திமார் கூப்பிட்டார்கள். டெல்லி துவாரகாவில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டியிலேயே இருக்கிற இரண்டு தமிழ்க் குடும்பங்கள் பழத்தோடு வந்தன. ஒவ்வொருவரிடமும் அம்மா முதலிலிருந்து சொன்னாள். ஒவ்வொரு தடவையும் நான் பக்கத்தில் உட்கார்ந்து, துப்பட்டாவைக் கழுத்தோடு சுற்றிக்கொண்டு சிரித்தேன்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் எத்தனை மணி வரை சாப்பிடலாம் என்று கேட்க, பள்ளி இடைவேளையில் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். எதிர்முனையிலிருந்த பெண் என் பெயரைத் தேடிவிட்டு, "மேடம், நேத்து நீங்கதானே போன் பண்ணி, எனக்குச் சரியாயிடுச்சு, ஆபரேஷன் வேண்டாம்னு சொன்னீங்க?" என்று இந்தியில் கேட்டாள்.

நான் இல்லை என்று சொல்லவில்லை. நான்தான் சொன்னேனோ என்று நினைத்தேன். போனை எடுத்து, முந்தின நாள் யார் யாருக்குப் பேசியிருக்கிறேன் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். அந்த ஆஸ்பத்திரி எண் அதில் இல்லை. இல்லை என்று தெரிந்த பிறகும், அழித்திருப்பேனோ என்று ஒரு நொடி ஓடியது.

சாயங்காலம் அம்மா அடுப்படியில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள். வாயில் பாமாலைப் பாட்டு. "அம்மா, ஆஸ்பத்திரிக்கு நீ போன் பண்ணியா?" என்று கேட்டேன்.

"ஆமா. உன் பேர்லதான் பேசுனேன். நோயாளி சொன்னாத்தான் கேப்பாவ. அவளுகளுக்கு நீ பேசுனா என்ன, நான் பேசுனா என்ன?" ஒரு பஜ்ஜியை எடுத்து என் தட்டில் வைத்தாள். "சர்ச்சுல அறுப்பின் பண்டிகைக்கு நீயே மைக்ல நின்னு சாட்சி சொல்லப் போற. பாஸ்டர்ட்ட சொல்லியாச்சு. கழுத்துல கட்டுப் போட்டுக்கிட்டா போய் நிப்ப?"

"சரிம்மா" என்றேன். பஜ்ஜியைத் தின்றேன். என் வாழ்க்கையில் நான் பயந்த பயங்களிலெல்லாம் பெரியது அந்தச் 'சரிம்மா'தான். அது என் வாயிலிருந்துதான் வந்தது, ஆனால் அதைச் சொன்னது யாரென்று எனக்குத் தெரியவில்லை. அவள் பேச்சைக் கேட்டு என் பசி நின்றிருக்கிறது, காய்ச்சல் இறங்கியிருக்கிறது. அவள் பேச்சைக் கேட்டு நான் சாகவும் செய்வேன் என்பது அந்த அடுப்படியில் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. சிரித்துக்கொண்டே தலையாட்டிச் சாவேன்.

வீட்டில் இன்னொரு ஆளும் உண்டு. அப்பா. ஒரு அமைச்சகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா சாட்சி சொல்லும் போதெல்லாம் கடைசி வரிசையில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். அவருக்கு என்று ஒரு அபிப்பிராயம் இருந்து நான் கேட்டதில்லை. மறுநாள் காலையில் அவர் சொசைட்டிப் பூங்காவில் நடக்கப் போனபோது பின்னாலேயே போனேன். புகைமூட்டத்தில் எதிர் பிளாக் தெரியவில்லை.

"அப்பா, நாலு வயசுல நான் நெஜமாவே செத்துட்டேனா?"

நின்றார். திரும்பி எங்கள் பால்கனி இருக்கும் பக்கம் பார்த்தார். புகையில் அது தெரியாது என்று உறுதியான பிறகுதான் வாயைத் திறந்தார்.

"டைபாய்டு. ஆஸ்பத்திரில கூட சேக்கல. அன்னைக்கு உங்கம்மைக்கு நைட் டியூட்டி. நாந்தான் உங்கூட இருந்தேன். விடியக்கால முழிச்சு ரஸ்க் கேட்ட. டீல முக்கிக் குடுத்தேன்."

"அம்மா இல்லையா?"

"எட்டு மணிக்குத்தான் வந்தா."

பெஞ்சில் உட்கார்ந்தேன். "பின்ன ஏம்ப்பா இத்தன வருஷமா நீங்க சும்மா இருந்தீங்க?"

அவர் குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "மொத தடவ சொல்லும்போது, சரி, ஏதோ ரெண்டு வார்த்த கூட்டிச் சொல்லுதான்னு விட்டுட்டேன். ரெண்டாம் தடவ அவ அழுதா பாரு, எனக்கே சந்தேகம் வந்துட்டு. ஒருவேள அவதான் இருந்தாளோ, நாந்தான் டியூட்டிக்குப் போயிருந்தேனோன்னு. அப்புறம் கேக்கப் பயமா போச்சு, பிள்ள."

என்னைப்போல இன்னொரு ஆள் அந்த வீட்டில் இத்தனை காலமும் இருந்திருக்கிறார். என் நாலு வயதுக் காய்ச்சலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனிதர், உட்கார்ந்திருந்தேனா என்று தனக்கே தெரியாமல் கடைசி வரிசையில் கண்ணை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். அவர்மேல் இரக்கம் வந்தது. அதைவிட, இன்னும் முப்பது வருஷத்தில் நானும் இப்படித்தான் குல்லாவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன் என்று பயம் வந்தது.

நடக்கும்போது குடிக்க அவர் ஒரு தண்ணீர் பாட்டில் வைத்திருப்பார். அதை என்னிடம் நீட்டி, "குடி" என்றார். துப்பட்டாவை விலக்கிவிட்டு அண்ணாந்து குடித்தேன். அவர் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளி, என் கழுத்துக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார்.

"இருக்கு" என்றார்.

அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, முந்தாநாள் பேசியது நான் இல்லை என்று சொன்னேன். இரண்டாவது தடவை சொல்லும்போதுதான் குரல் கேட்கிற மாதிரி வந்தது. புதிதாக ஒரு நாள் கொடுத்தார்கள். அம்மாவிடம் எனக்குப் பரீட்சை டியூட்டி என்று சொன்னேன். நவம்பர் மாதமாதலால் பென்ஷனுக்காக, தான் உயிரோடு இருப்பதைக் காட்ட பேங்கில் போய் நிற்க வேண்டும் என்று அப்பா சொன்னார். இரண்டு திருடர்கள் போல மெட்ரோவில் உட்கார்ந்து போனோம். பக்கத்தில் யாருடைய போன் அடித்தாலும் அப்பா தன் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நான் எச்சிலை விழுங்கிக்கொண்டே போனேன். ஏறி இறங்கியது. அடுத்த ஸ்டேஷனிலும் ஏறி இறங்கியது. கடவுளே, அங்கே போய்ச் சேரும் வரைக்கும் இது இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். கட்டி இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டவர்கள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்களோ.

எடுத்ததில் கெட்டது இருந்தது என்று அடுத்த வாரம் டாக்டர் சொன்னார். நல்லவேளை, பரவவில்லை. அன்று மேஜையில் படுத்திருந்தபோது அது எனக்குத் தெரியாது. மயக்க மருந்து கொடுத்தார்கள். எழுந்திருக்காமல் போய்விடுவேன் என்று நான் பயப்படவில்லை. எழுந்திருக்கும்போது அவள் பக்கத்தில் இருப்பாள் என்றுதான் பயந்தேன்.

இருந்தாள். நான் உள்ளே போன பிறகு அப்பா மனசு கேட்காமல் போன் செய்து சொல்லிவிட்டிருந்தார். கண் திறப்பதற்கு முன்னால் குரல்தான் கேட்டது. பக்கத்துக் கட்டில்காரியின் துணைக்கு வந்திருந்த ஒரு அம்மாளிடம் அம்மா இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆபரேஷன் மேஜையில் என் மகளுக்கு மூச்சு நின்றுவிட்டது. டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். நான் வாசலில் முழங்கால் போட்டேன். அந்த அம்மாள் "ஹாய் ராம்" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். அம்மா தலைப்பைத் தலையில் போட்டிருந்தாள். முகத்தில் அந்தக் களை.

ஜன்னலோரம் ஃபிளாஸ்க்கோடு நின்றிருந்த அப்பா தொண்டையைச் செருமினார். "மூச்சு நிக்கல. நாந்தான் இங்க இருந்தேன்" என்று தமிழிலேயே சொன்னார். தமிழ் தெரியாத அந்த அம்மாள் அவரைப் பார்த்துவிட்டு மறுபடி அம்மா பக்கம் திரும்பிக்கொண்டாள். அம்மா விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

டியூட்டி நர்ஸ் வந்தாள், இருபத்தைந்து வயதுகூட இருக்காது. என் மேல் குனிந்து, "தர்த் ஹை?" என்று கேட்டாள். வலிக்கிறதா?

"நஹீ, நஹீ" என்றாள் அம்மா. "தர்த் பில்குல் நஹீ ஹை. நானும் நர்ஸ்தான். பிரார்த்தனை பண்ணியிருக்கேன், வலி இருக்காது."

நர்ஸ் தலையை ஆட்டிவிட்டு நகரப் போனாள். எனக்கு வலி குறைவது போலிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், குறைவது போலத்தான் இருந்தது. அவள் சொன்னால் போதும், இன்னும் கொஞ்ச நேரத்தில் முழுக்கப் போய்விடும். கட்டியைப்போல. பசியைப்போல. அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தபோது, மேஜையில் வராத சாவு பயம் எனக்கு அங்கே வந்தது.

"ஹை" என்றேன். இருக்கிறது.

கிழிந்த குரல். எனக்கே அடையாளம் தெரியவில்லை. நர்ஸ் நின்றாள். அம்மா பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாள், சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து பார்க்கிற அதே பார்வை. என் உடம்பு முழுக்க நடுங்கியது. நர்ஸ் குளிர் என்று நினைத்துப் போர்வையை இழுத்துவிட்டாள்.

"பஹுத் ஹை" என்றேன். ரொம்ப வலிக்கிறது.

"எங்கே?" என்று நர்ஸ் என்னிடம் கேட்டாள்.

நான் கையைத் தூக்கி, கழுத்தில் போட்டிருந்த கட்டின் மேல் விரலை வைத்தேன். இடம் தேட வேண்டியிருக்கவில்லை.